மந்திரம் நம் கையில், சித்தம் கடவுள் கையில்: இந்தப் பிரிப்பு சரியா?

கேட்டவர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தம்பி. ஊரில் தங்கச்சிக்குப் பல மாதமாக உடம்பு சரியில்லை. அம்மா, உடுக்கடித்துச் சாமியாடிக் குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டிவந்து குறி கேட்டிருக்கிறார். "செய்வினை இருக்கு, கழிக்கணும்" என்று பதில் வந்திருக்கிறது. ஞானஸ்நானம் எடுத்துச் சபைக்குப் போகும் அக்கா, "எல்லாம் கர்த்தருடைய சித்தம், அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீங்க" என்று அழுகிறார். கம்பளையைச் சேர்ந்த முஸ்லிம் கூட்டாளி "எல்லாம் களா கத்ர், மச்சான்", அதாவது எல்லாம் இறைவன் விதித்தது, என்று ஆறுதல் சொல்கிறார். தம்பியோ மேல்நாட்டுச் சூனியக்காரிகள் எழுதுவதைப் போனில் படித்துவிட்டு இப்படிக் கேட்கிறார்: "மந்திரத்தில் கட்டுப்பாடு மனிதனிடம் இருக்கிறது. யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மதங்களில் அது கடவுளிடம் இருக்கிறது. அப்படியானால் மந்திரம்தானே மனிதனை மதிக்கிறது?"

தம்பி, இந்தப் பிரிப்பு புதிதல்ல. 1900இல் ஜேம்ஸ் ஃபிரேசர் என்ற ஸ்கொட்லாந்து அறிஞர் ஏறக்குறைய இதையேதான் எழுதினார். மந்திரவாதி சக்திகளைக் கட்டாயப்படுத்துகிறான், பக்தன் தெய்வத்திடம் கெஞ்சுகிறான் என்றார். கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஓர் இராத்திரி உட்கார்ந்து பார்த்தால் அந்த ஒழுங்கு நிற்காது. என் கணக்கில் உண்மையான வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. கேட்டது நடக்காமல் போகும்போது ஒருவர் அடுத்து என்ன செய்கிறார், யார்மேல் பழி போடுகிறார் என்பதில்தான் அது தெரியும். அங்கே வருவதற்கு முன் நம் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கோடாங்கி குறி சொல்வதைச் சின்ன வயதில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். காம்பராவை, அதாவது லயத்து அறையை, கழுவிவிட்டு, வாழையிலையில் பச்சரிசி, தேங்காய், வெற்றிலை பாக்கு, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் வைத்திருப்பார்கள். உடுக்கு மெதுவாகத்தான் தொடங்கும். முதலில் பிள்ளையார், அப்புறம் வீட்டுக் குலதெய்வம், அப்புறம் தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டி, மாடசாமி என்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். அடி வேகமாகும். அவர் தோள் குலுங்கும். அந்த நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். ஆனால் கூப்பிடுவது மட்டும்தான் அவர் வேலை. வருவதும் வராததும் சாமியின் இஷ்டம். சில இராத்திரிகளில் கை ஓயும்வரை அடித்தாலும் அருள் இறங்காது. "இன்னைக்கு உத்தரவு இல்ல, வெள்ளிக்கிழமை பாப்போம்" என்று உடுக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு எழும்பிவிடுவார். அருள் வந்தாலும் "நான்" என்று பேசுவது சாமிதான். என்ன சொன்னீர்கள் என்று மறுநாள் கேட்டால் எனக்குத் தெரியாது என்பார். தன் உடம்பையும் வாயையும் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்த மனிதர் அவர். மனிதனுடைய கட்டுப்பாட்டுக்கு உதாரணம் தேடுகிறவர்கள் அவரிடம் வர முடியாது.

செய்வினை வேறு விஷயம். காலடி மண், தலைமுடி, உடுத்திய துணியில் ஒரு துண்டு, பேர், நட்சத்திரம் இவற்றைச் சேர்த்து, தகட்டில் எழுதியோ முட்டையில் கட்டியோ, அந்த ஆள் நடக்கும் வழியில் புதைத்துவிடுவார்கள் என்பது நம்பிக்கை. முறை பிசகாமல் செய்தால் பலிக்கும். செய்தவன் நல்லவனா, கேட்டது நியாயமா என்றெல்லாம் அது பார்க்காது. நீங்கள் சொல்லும் கட்டுப்பாடு இதற்குத்தான் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தனக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். நான்தான் வைத்தேன் என்று சொன்ன ஒருவரை நான் சந்தித்ததே இல்லை. நம் பக்கத்தில் செய்வினை என்பது பெரும்பாலும், வாழ்க்கை கைமீறிப் போனவர்கள் அதற்குக் கொடுக்கும் விளக்கம்.

இன்னொன்றும் இருக்கிறது. அதையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறோம். சிலாபத்துக்குப் பக்கத்தில் முன்னேஸ்வரத்தில் பத்திரகாளி முன் தேங்காய் அடித்துச் சாபம் கொடுக்கிறார்கள். தெற்கே சீனிகமவில் தேவோல் தெய்வத்தின் முன் மிளகாய் அரைத்துப் பழி போடுகிறார்கள். மலையிலிருந்தும் பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர இந்த இரண்டு இடங்களையும் ஒரு முஸ்லிம் ஸியாரத்தையும் (பெரியார் அடக்கத்தலத்தையும்) ஆராய்ந்து 1975இல் ஒரு கட்டுரை எழுதினார். களவு, ஏமாற்று, அவமானம் என்று அநியாயம் நடந்ததாக உணர்ந்தவர்கள்தான் அங்கே வருகிறார்கள். எதிரியைக் கொல்லும் அளவுக்கு மூண்ட கோபம் அந்தச் சடங்கு வழியாக வெளியே போகிறது என்பது அவருடைய வாதம். தேங்காயை அடிப்பவர் காளியைக் கட்டாயப்படுத்தவில்லை. பொலிசிலும் கோர்ட்டிலும் கிடைக்காத நியாயத்தை அவளிடம் கேட்கிறார். அதை மந்திரம் என்பதைவிட வழக்கு என்று சொல்வதே பொருத்தம்.

இனி நீங்கள் போனில் படிப்பது. அது முற்றிலும் வேறு மரபு, வயதும் குறைவு. பிரித்தானியாவில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் தம் நூலை வெளியிட்டு, பின்னர் விக்கா என்று பேர்பெற்ற வழிபாட்டை வெளியுலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். இந்தக் கார்ட்னர் யார் தெரியுமா? 1900இல் பதின்ம வயதுப் பையனாக இலங்கைக்கு வந்து, மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை வேலை பழகியவர். பிறகு ஹோட்டன் சமவெளிக்குக் கீழேயுள்ள நன்பேரியல் தோட்டத்தில் சம்பளத்துக்கு இருந்தவர். நம் பாட்டன் பூட்டன் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்ற காலத்தில் எதிர்ப்பக்கம் நின்ற துரைமார் வரிசையில் அவரும் இருந்திருக்கிறார். மலையகத்திலிருந்து அவர் எதையாவது எடுத்துப் போனார் என்று நான் சொல்லவில்லை. இரண்டு உலகமும் ஒரே மலையில் எவ்வளவு பக்கத்தில் இருந்தன என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மரபில் மனித விருப்பத்துக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்கு முக்கிய காரணம் அலிஸ்டர் குரோலி என்ற ஆங்கிலேய மந்திரவாதி. விருப்பத்துக்கு ஏற்ப மாற்றத்தை உண்டாக்கும் அறிவியலும் கலையும்தான் மந்திரம் என்று அவர் வரையறுத்தார். விக்கா இதோடு ஓர் எல்லையைச் சேர்த்தது: யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய். அங்கேயும் ஒரு தேவியும் ஒரு தேவனும் வணங்கப்படுகிறார்கள். எல்லாம் தன் சக்தி என்று எல்லா விச்சுகளும் (சூனியக்காரிகளும்) சொல்வதில்லை. இருந்தாலும் "என் வாழ்க்கையை என் மனவலிமையால் திருப்புவேன்" என்ற குரல் அங்கே பலமாகக் கேட்கிறது என்பது உண்மை. மரவியாபாரத்தில் செல்வம் சேர்த்த குடும்பத்துப் பிள்ளைக்கு, எங்கே போகலாம் எந்த வேலை பழகலாம் என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. அப்படித் தேர்ந்தெடுக்க முடிந்தவர்களிடமிருந்து வளர்ந்த பேச்சு அது. அரைநாள் சம்பளம் மட்டும் என்று அரைப்பேர் போட்டுவிடுவார்களோ என்று பயந்து கொழுந்து எடுக்கும் அம்மாவிடம் அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

சரி, ஆபிரகாமின் மதங்களுக்கு வருவோம். மூன்றும் மந்திரத்தைத் தடைசெய்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். உபாகமம் 18ஆம் அதிகாரத்தில் குறிசொல்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, செத்தவர்களிடம் கேட்கிறவன் என்று ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. அந்தத் தடைக்குப் பின்னாலுள்ள வாதம்தான் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மந்திரம் வெறும் பொய் என்று அவை எல்லா இடத்திலும் சொல்வதில்லை. அதற்கென்று சொந்தச் சக்தி கிடையாது என்கின்றன.

யூத ஆசிரியர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் சேர்ந்த தொகுப்பான தல்மூத்தில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. ரபி ஹனினாவுக்குச் சூனியம் வைப்பதற்காக ஒரு பெண் அவருடைய காலடி மண்ணை எடுக்கப் பார்க்கிறாள். "எடுத்துக்கொள், உன்னால் ஆகாது. கடவுளைத் தவிர வேறொருவர் இல்லை என்று எழுதியிருக்கிறது" என்கிறார் அவர். காலடி மண்! பழைய பாபிலோனில் தொகுக்கப்பட்ட நூலில் இருக்கும் பயமும் பொகவந்தலாவை லயத்தில் இருக்கும் பயமும் ஒன்றுதான். எனக்கு இதைவிடப் பிடித்தது அடுத்து வரும் கேள்வி. சூனியம் சிலரைத் தாக்குவதாக வேறு ஆசிரியர்கள் சொல்லியிருக்கிறார்களே என்று தல்மூத் கேட்கிறது. ஹனினாவின் புண்ணியம் பெரியது, அவர் கதை வேறு என்று அதுவே பதிலும் சொல்கிறது. பயந்தவனை ஏளனம் செய்யாமல், பயப்படாதவனையும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிற நேர்மை அது.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 102ஆம் வசனமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. பாபிலோனில் ஹாரூத், மாரூத் என்ற இருவரிடமிருந்து மக்கள் கற்றுக்கொண்டதைப் பற்றிய வசனம் அது. கணவனையும் மனைவியையும் பிரிக்கும் வித்தையைக் கற்றார்கள், ஆனால் அல்லாஹ்வின் அனுமதி இல்லாமல் அதைக்கொண்டு யாருக்கும் தீங்கு செய்ய அவர்களால் முடியாது என்று அது சொல்கிறது. சூனியத்துக்குப் பாதிப்பு உண்டா, இல்லையா என்று தமிழ் முஸ்லிம்களிடையே பல வருடமாகக் கடுமையான விவாதம் நடப்பது உங்கள் கூட்டாளிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் கடைசியில் ஊன்றுவது ஒரே இடத்தில்தான்: அனுமதி மேலே இருக்கிறது.

பைபிளில் பிலேயாம் கதை இதற்கு நல்ல சாட்சி. மோவாபின் ராஜா பாலாக், இஸ்ரவேலரைச் சபிக்கச் சொல்லிக் கூலி பேசி அவனைக் கூப்பிடுகிறான். பலிபீடங்கள் கட்டியாயிற்று, மாடும் ஆடும் பலி கொடுத்தாயிற்று, முறையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாயைத் திறந்தால் ஆசீர்வாதம்தான் வருகிறது. பாலாக் இடத்தை மாற்றிப் பார்க்கிறான், மறுபடியும் மாற்றுகிறான். ஒன்றும் நடக்கவில்லை. இங்கே பலிக்கவில்லையா, அந்த மலையில் போய்ச் செய்வோம் என்று ஓடும் பாலாக்கை நான் நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். இந்தக் கோடாங்கி சரியில்லை, பதுளைப் பக்கம் ஒருத்தர் இருக்கிறாராம், அவர் இல்லாவிட்டால் கட்டாடியா எனப்படும் சிங்கள மந்திரவாதி இருக்கிறார் என்று, நகையை அடகு வைத்துக்கொண்டு அலைகிற குடும்பங்கள் எத்தனை.

கடவுளின் அனுமதி என்ற இந்தக் கொள்கைக்குக் கறை படிந்த ஒரு வரலாறும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைன்ரிக் கிராமர் என்ற ஜெர்மன் துறவி, சூனியக்காரிகளை ஒழிப்பதற்கென்று ஒரு நூல் எழுதினார். சூனியம் நடக்கப் பிசாசு, சூனியக்காரி, கடவுளின் அனுமதி என்ற மூன்றும் வேண்டும் என்றார். கடவுளே அனுமதித்ததற்கு ஓர் ஏழைக் கிழவியை ஏன் எரிக்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டிய இடத்தில், பலர் விறகு தேடினார்கள். ஐரோப்பாவில் 40,000 முதல் 50,000 பேர் வரை அப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பது இன்றைய ஆய்வாளர்கள் பலரின் மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடவுள் சித்தத்தை உதட்டில் வைத்துக்கொண்டே மனிதர்கள் எல்லாவற்றையும் தங்கள் கைக்குள் எடுத்துக்கொண்ட காலம் அது.

அக்காவின் சபைக்கும் உங்கள் கேள்விக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது. மந்திர மனம் மதத்துக்கு வெளியே மட்டும் இருப்பதில்லை. வேதத்துக்குள்ளேயே அது பலமுறை கண்டிக்கப்படுகிறது. பிலிஸ்தரோடு நடந்த சண்டையில் தோற்ற இஸ்ரவேலர், சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிவந்தார்கள். பெட்டி இருந்தால் ஜெயம் நிச்சயம் என்று பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். முதல் சண்டையில் 4,000 பேர் விழுந்தார்கள், பெட்டி வந்தபின் 30,000 பேர் விழுந்தார்கள், பெட்டியும் பறிபோனது. கடவுளின் பெட்டியைத் தாயத்தாக்கினால் இதுதான் நடக்கும் என்று 1 சாமுவேல் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. எபேசுவில் ஸ்கேவாவின் ஏழு மகன்கள், பவுல் சொல்லும் பேரைச் சொன்னால் பேய் போய்விடும் என்று இயேசுவின் நாமத்தைச் சூத்திரமாக உச்சரித்தார்கள். "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" என்று கேட்டு, பேய் பிடித்தவன் அவர்களை அடித்துத் துரத்தினான். உடுப்பும் போய், காயத்தோடு ஓடினார்கள்.

இதை வைத்துப் பார்த்தால், "இந்த வருடத்துக்குள் கர்த்தர் வீடு கொடுப்பார், நான் கட்டளையிடுகிறேன்" என்று மைக்கில் முழங்கும் பாஸ்டர் எந்தப் பக்கம் நிற்கிறார்? காணிக்கைக்கு இவ்வளவு, அற்புதத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் பேசுகிறவர் எந்தப் பக்கம்? எல்லாச் சபையும் அப்படியில்லை. தோட்டத்தில் குடியை விட்டவர்களில், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களில் பலரைத் தூக்கிவிட்டது ஒரு சின்னச் சபைதான். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஜெபித்த எண்ணெய்ப் போத்தலை வாசல் நிலைக்கு மேல் வைத்துவிட்டுத் தைரியமாக இருப்பதற்கும், மந்திரித்த எலுமிச்சம்பழத்தை அங்கே கட்டுவதற்கும் மனசளவில் என்ன வித்தியாசம் என்று அக்காவே யோசிக்கட்டும். குர்ஆன் வசனம் எழுதிய தாயத்து பற்றி முஸ்லிம் அறிஞர்களுக்கிடையே நடக்கும் வாதமும் இதே கேள்விதான்.

அதே நேரம், கடவுள் சித்தம் என்றால் கைகட்டி நிற்பது என்று நினைத்துவிடாதீர்கள். அழியவிருந்த சோதோம் நகரத்துக்காக ஆபிரகாம், ஐம்பது நல்லவர்கள் இருந்தால் அழிக்காதே என்று தொடங்கிப் பத்துப் பேர் வரை பேரம் பேசுகிறார். யாக்கோபு விடியும்வரை மல்லுக்கு நின்று, ஆசீர்வதித்தால்தான் விடுவேன் என்கிறார். யூத மரபில் ஹோனி என்றொருவர் மழை இல்லாத காலத்தில் தரையில் வட்டம் போட்டு நடுவில் நின்றார். மழை வரும்வரை நகர மாட்டேன் என்று சபதம் செய்தார். தூறல் வந்தது, நான் கேட்டது இதையல்ல என்றார். கொட்டியது, இதையும் அல்ல என்றார். பிறகு அளவாகப் பெய்தது. அந்தக் காலத்துத் தலைவர் சிமியோன் பென் ஷெத்தாஹ், "நீ ஹோனியாக இல்லாவிட்டால் உன்னைத் தள்ளிவைத்திருப்பேன்" என்று சொல்லியனுப்பினார். அப்பாவிடம் அடம்பிடிக்கிற பிள்ளைபோல் நீ கேட்கிறாய், அவரும் கொடுக்கிறார், உன்னை என்ன செய்வது என்றார். கட்டளைக்கும் உரிமையோடு கேட்பதற்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் கதை எனக்குத் தெரியாது.

அந்தக் கோடு, பதில் "இல்லை" என்று வரும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பிடிபடுவதற்கு முன் கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்கத்தான் செய்தார். கேட்காமல் இருக்கவில்லை. அதன்பிறகுதான் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே என்றார். முஸ்லிம்களுக்கு இஸ்திகாரா என்றொரு தொழுகை இருக்கிறது. கல்யாணம், வேலை, பயணம் என்று ஒரு முடிவு எடுக்கும் முன் செய்வது. அதன் துஆ (வேண்டுதல்) இப்படிப் போகும்: இந்தக் காரியம் எனக்கு நல்லது என்று நீ அறிந்தால் இதை எனக்கு எளிதாக்கு, கெட்டது என்று அறிந்தால் இதை என்னிடமிருந்தும் என்னை இதனிடமிருந்தும் திருப்பிவிடு, நன்மை எங்கே இருக்கிறதோ அதை எனக்கு விதித்து, அதில் என்னைத் திருப்திப்படுத்து. தான் விரும்புவதையே தன்னிடமிருந்து திருப்பச் சொல்லிக் கேட்கும் இடம் செய்வினையில் கிடையாது. இருக்கவும் முடியாது. செய்வினை பலிக்காவிட்டால் முறை பிழை, ஆள் பிழை, எதிர்ப்பக்கம் பெரிய கட்டு. அடுத்தது இன்னொரு செலவு.

நம் மக்கள் ஏன் இரண்டையும் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது. மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் பசிபிக் தீவுகளில் ஒன்றைக் கவனித்தார். கரையோரக் களப்பில் ஆபத்தில்லாமல் மீன் பிடிக்கும்போது மந்திரம் இல்லை, ஆழ்கடலுக்குப் போகும்போது மந்திரம் வருகிறது. நம் தேயிலைத் தொழிற்சாலைகளில் இயந்திரத்துக்குக் காவலான ரோதமுனியைக் கும்பிடுவதும், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன் சாமி கும்பிடுவதும் அந்த வகைதான். கையைத் துண்டாக்கக்கூடிய இயந்திரத்தோடும் கத்தியோடும் வேலை செய்கிறவர்கள், இயந்திரத்தைச் சரிபார்த்துவிட்டுத்தான் கற்பூரமும் கொளுத்துகிறார்கள். 1948இல் மலையகத் தமிழருக்குக் குடியுரிமை போனது. 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் எண்ணிப் பிரித்தன. எந்த நாட்டில் சாவது என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாமலிருந்த சனம், வாசலில் கட்டிய ஒரு பழத்தின் மேலாவது தன் அதிகாரம் இருக்கட்டும் என்று நினைத்தால் அதை மடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கடவுள் சித்தம் என்ற பேச்சும் நமக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். வீட்டிலிருந்த பெற்றோரை மண் மூடியது. எல்லாம் ஆண்டவன் விதித்தது என்று அன்று பலரும் சொன்னார்கள். ஆனால் அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்னரே எச்சரித்திருந்தார்கள், மாற்றுக் காணியும் வீடும்தான் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பு என்று நபி சொன்னதாக ஒரு ஹதீஸ் இருக்கிறது. கட்டும் வேலை யாருடையது என்று கேட்கவிடாமல் வாயை அடைக்கிற விதிப் பேச்சுக்கு அந்த ஹதீஸே பதில். ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களைப் பற்றி எவன்ஸ் பிரிட்சார்ட் 1937இல் எழுதினார். களஞ்சியம் விழுந்து ஆள் செத்தால், கறையான் அதன் தூணை அரித்துவிட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த நேரத்தில், அந்த ஆள்மேல் ஏன் விழுந்தது என்பதற்குத்தான் அவர்கள் சூனியத்தைத் தேடுகிறார்கள். ஏன் என் அம்மா, ஏன் நான் தப்பினேன் என்று மீரியபெத்தைப் பிள்ளை கேட்டால் அதற்கு மண் ஆராய்ச்சிக்காரர் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்விக்கு மதமோ கோடாங்கியோ ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

எது வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. செய்வினை என்ற பதிலுக்கு ஓர் எதிரி தேவை. செய்தவர் யார் என்ற கேள்வி உடனே வரும். கிழக்கா மேற்கா, உறவா பிறத்தியா, பொம்பளையா ஆம்பளையா என்று குறி நெருங்கி நெருங்கி, கடைசியில் சுவருக்கு அந்தப் பக்கமிருக்கும் காம்பராவில் போய் நிற்கும். பத்துக் குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அந்தச் சந்தேகம் விழுந்தால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. பெரும்பாலும் தனியாக இருக்கும் ஒரு விதவையின் தலையில்தான் அது விடிகிறது. கடவுள் சித்தம் என்ற பதிலுக்குப் பக்கத்து வீட்டு எதிரி தேவையில்லை. அதன் ஆபத்து வேறு: உன் விசுவாசம் போதவில்லை, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று நோயாளி மேலேயே அது திரும்பும். பைபிளில் துன்பத்தில் கிடந்த யோபுவின் நண்பர்கள் செய்தது அதைத்தான். கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டதும் யோபுவோடு அல்ல, அந்த நண்பர்களோடுதான்.

நபிக்கே சூனியம் வைக்கப்பட்டதாகப் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. லபீத் என்பவன் சீப்பையும் முடியையும் வைத்துச் செய்து ஒரு கிணற்றில் போட்டான் என்கிறது அது. அதை ஏற்காத தமிழ் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஏற்பவர்களும் முடிவுப் பகுதியை அவ்வளவாகப் பேசுவதில்லை. அதை வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டவில்லையா என்று நபியின் மனைவி ஆயிஷா கேட்கிறார். அல்லாஹ் எனக்குக் குணம் தந்துவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளப்ப நான் விரும்பவில்லை என்று பதில் வருகிறது. கிணற்றை மூடிவிடச் சொல்கிறார்.

ஆகவே தம்பி, அம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். கழிப்புக் கழிப்பது அவருக்குத் தெரிந்த வைத்தியம். மகளுக்காகத் தன் கையால் ஏதோ செய்தோம் என்ற நிம்மதி அதில் அவருக்குக் கிடைக்கிறது. செய்தவர் யார் என்று மட்டும் கோடாங்கியிடம் கேட்க வேண்டாம், அவரே சொல்ல வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்று அம்மாவிடம் கெஞ்சிக் கேளுங்கள். நல்ல கோடாங்கிமார் பேர் சொல்ல மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். அக்காவிடம் ஜெபிக்கச் சொல்லுங்கள், தங்கச்சியின் விசுவாசத்தை அளக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கழிப்புக்கும் காணிக்கைக்கும் போகும் காசில் ஒரு பங்கை ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வேன் கூலிக்கு ஒதுக்கி வையுங்கள். பல மாதமாக நீடிக்கும் சுகவீனத்துக்கு இரத்தப் பரிசோதனை எடுத்தார்களா, கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எது என்று இன்றைக்கே போன் போட்டு விசாரியுங்கள். லீவு கிடைத்தால் அந்தத் திகதிக்கு நீங்களே கூடப் போங்கள். வாட்டில் டாக்டரிடம் விளக்கமாகக் கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால், அம்மா பாதிக் கேள்வியோடு திரும்பி வரத் தேவையிருக்காது.